25 ஜிபி ரெசிடென்ஷியல் பிராக்ஸி மூன்றே நாளில் காலி: தப்பு விற்றவர்கள் பக்கமா, என் ஸ்கிரிப்ட்டா?

விலைத்தராசு கேட்டது:

வணக்கம். ஆன்லைன் கடைகளில் விலையைக் கண்காணிக்க, மாதக் கட்டணத்தில் ரெசிடென்ஷியல் பிராக்ஸி (வேறு வீடுகளின் இணைய இணைப்பு வழியாக, அந்த வீட்டு ஐபியில் தளத்துக்குப் போக வைக்கும் சேவை) வாங்கி ஓட்டுகிறேன். வெளிநாட்டு நிறுவனம். பெயர் போட விருப்பமில்லை, யார் பக்கம் தப்பு என்றே இன்னும் தெரியவில்லை.

வேலை இதுதான். மூன்று இந்திய ஷாப்பிங் தளங்களில் மொத்தம் 1,200 பொருள். 6 மணி நேரத்துக்கு ஒரு சுற்று, நாளைக்கு 4 சுற்று. லாகின் எதுவும் கிடையாது. விலை, ஸ்டாக், டெலிவரி நாள் மூன்றும் போதும். பைத்தான், பிளேரைட் (பிரவுசரை ஸ்கிரிப்ட்டால் இயக்கும் கருவி), ஹெட்லெஸ் குரோம் (திரையில் தெரியாமல் ஓடும் குரோம்). ஒரே நேரத்தில் 30 டேப் திறந்து 20 நிமிடத்தில் ஒரு சுற்று முடிகிறது. ஒவ்வொரு பொருளுக்கும் புது கான்டெக்ஸ்ட் (முன்பு பார்த்த எதையும் நினைவில் வைக்காத தனிப் பிரவுசர் செஷன்).

பிளான் 25 ஜிபி, 30 நாள் செல்லும். சென்னை, கோவை, பெங்களூரு என்று ஊர் பார்த்து ஐபி எடுக்கும் வசதிக்குத் தனியாகக் காசு.

சிக்கல்கள்:

மூன்றாம் நாளே 25 ஜிபியும் தீர்ந்துவிட்டது. ஒரு தளத்தில் சுற்று ஆரம்பித்து ஐந்து நிமிடத்தில் 429 (அளவுக்கு மீறிய ரிக்வெஸ்ட்), பிறகு 403 (அனுமதி மறுப்பு) என்று வரிசையாக விழுகிறது. "ஒவ்வொரு ரிக்வெஸ்ட்டுக்கும் புது ஐபி" என்று விற்றார்கள், ஆனால் லாகில் பார்த்தால் அதே ஐபி பத்துப் பதினைந்து தடவை வருகிறது. இந்தியாவில் மட்டும் 30 லட்சம் ஐபி இருப்பதாக விற்பனைப் பக்கத்தில் போட்டிருக்கிறார்கள். சப்போர்ட்டில் கேட்டால் "உங்கள் செட்டப்பைப் பாருங்கள், பெரிய பிளானுக்கு மாறுங்கள்" என்று ஒரே பதில்.

வேறு நிறுவனத்துக்கு மாறுவதா, மொபைல் பிராக்ஸி (போன் நெட்வொர்க் ஐபி தருவது) வாங்குவதா? தப்பு எந்தப் பக்கம் என்று நாமே எப்படிக் கண்டுபிடிப்பது?

---

கேபிள்கட்டு:

முதலில் கணக்கு. 1,200 பொருள், 4 சுற்று என்றால் நாளைக்கு 4,800 பக்கம். படம், ஃபான்ட், வீடியோ, விளம்பரம், டிராக்கர் எல்லாம் சேர்த்து ஒரு ஷாப்பிங் பக்கம் 1.5 முதல் 2 எம்பி தின்பது சாதாரணம். 1.8 எம்பி என்று வைத்தால் ஒரு நாளைக்கு 8.64 ஜிபி. 25 ஜிபி மூன்றாம் நாள் தீர்ந்தே ஆகவேண்டும், தீர்ந்திருக்கிறது. இந்த ஒரு புகாரில் விற்றவர்கள் மேல் தப்பில்லை.

உங்கள் செட்டப்பில் அதிகம் தின்பது "ஒவ்வொரு பொருளுக்கும் புது கான்டெக்ஸ்ட்". புது கான்டெக்ஸ்ட் என்றால் கேஷ் (ஏற்கனவே இறக்கிய கோப்புகளின் சேமிப்பு) காலி. அந்தத் தளத்தின் ஜாவாஸ்கிரிப்ட் மூட்டை மாறவே மாறாது, ஆனாலும் அதே கோப்பை ஒவ்வொரு பொருளுக்கும் ஒரு தடவை காசு கொடுத்து இறக்குகிறீர்கள். தளத்துக்கு ஒன்று என்று கான்டெக்ஸ்ட் வைத்து, 40, 50 பக்கத்துக்கு ஒருமுறை மாற்றுங்கள். அதோடு ரிக்வெஸ்ட்டை இடைமறிக்கும் பிளேரைட்டின் ரூட் வசதியில் இமேஜ், ஃபான்ட், மீடியா மூன்று வகையையும் ரத்து செய்துவிடுங்கள். ஒன்றை மட்டும் கவனிக்க வேண்டும்: பிளேரைட்டில் ரூட் போட்டால் பிரவுசரின் எச்டிடிபி கேஷ் அணைந்துவிடும். அதனால் இரண்டையும் ஒன்றாகச் செய்தால் கேஷ் லாபம் போய்விடும். படங்களை ரூட்டில் தடுக்காமல் குரோமைத் திறக்கும்போதே படம் வேண்டாம் என்ற ஆப்ஷனைக் கொடுத்துவிட்டால் கேஷும் இருக்கும், படமும் வராது.

ஆனால் என்னைக் கேட்டால் இந்த வேலைக்குப் பிரவுசரே வேண்டாம். பல ஷாப்பிங் தளங்களில் விலையும் ஸ்டாக்கும் பக்கத்தின் எச்டிஎம்எல்லிலேயே ஜேசன்-எல்டி என்ற சின்னத் துண்டாக உட்கார்ந்திருக்கும், தேடுபொறிக்காக அவர்களே வைப்பது. பக்கத்தின் சோர்ஸைத் திறந்து விலை எண்ணைத் தேடிப் பாருங்கள். கிடைத்தால் அந்த ஒரு எச்டிஎம்எல் போதும். சுருக்கப்பட்ட நிலையில் 100 முதல் 200 கேபி. 150 என்று வைத்தால் நாளைக்கு 0.72 ஜிபி, மாதம் 21.6 ஜிபி. தோற்றுப்போய்த் திரும்பக் கேட்பதற்கு 15% சேர்த்தாலும் 24.8. நீங்கள் வாங்கிய அதே 25 ஜிபி பிளான் மாதம் முழுக்க ஓடும், மூச்சு வாங்கிக்கொண்டாவது.

ஜிசிப் (பக்கத்தைச் சுருக்கி அனுப்பும் முறை) வேண்டும் என்று ஹெடரில் கேட்க மறக்காதீர்கள். பைத்தானின் ரிக்வெஸ்ட்ஸ் லைப்ரரி தானாகக் கேட்கும், அதோடு கூடவே வரும் வெறும் யுஆர்எல்லிப் கேட்காது. கேட்காவிட்டால் 150 கேபி பக்கம் விரிந்து 900 கேபியாக வரும், மீட்டர் ஆறு மடங்கு ஓடும்.

அடுத்தது 429. அது ஐபி பிரச்சினையே இல்லை, அவசரப் பிரச்சினை. 20 நிமிடத்தில் 1,200 பக்கம் என்றால் வினாடிக்கு ஒன்று, மூன்றே தளத்தில். அதே 1,200-ஐ ஆறு மணி நேரத்துக்குப் பரப்பினால் 18 வினாடிக்கு ஒரு பக்கம்தான். சுற்று முடிந்து ஐந்தரை மணி நேரம் சும்மா கிடக்கும் ஸ்கிரிப்ட்டுக்கு என்ன அவசரம்?

பரப்பிவிட்டால் ரெசிடென்ஷியலே தேவைப்படாமல் போகலாம். டேட்டா சென்டர் ஐபி (வீட்டு இணைப்பு இல்லை, சர்வர் நிலையங்களின் ஐபி) 20 வாங்கினால் ஒவ்வொரு ஐபிக்கும் ஆறு நிமிடத்துக்கு ஒரு பக்கம். ஐபிக்கு மாதம் 1 முதல் 2 டாலர், பெரும்பாலும் டேட்டாவுக்கு மீட்டர் கிடையாது. வாங்கும்போது "20-ம் ஒரே /24-ல் வேண்டாம், நாலைந்து சப்நெட்டாகப் பிரித்துக் கொடுங்கள்" என்று எழுதிக் கேளுங்கள். ஒரு /24 என்பது அடுத்தடுத்த 256 முகவரி கொண்ட ஒரு சப்நெட். தளங்கள் தடை போடும்போது பல சமயம் மொத்த /24-க்கும் சேர்த்துப் போடும், அப்போது 20-ம் ஒரே அடியில் போகும்.

ஊர் பார்த்து ஐபி எடுப்பதை இன்றே நிறுத்துங்கள். இந்திய ஷாப்பிங் தளத்தில் விலையும் டெலிவரி நாளும் நீங்கள் கொடுக்கும் பின்கோடைப் பொறுத்தது. ஐபி எந்த ஊர் என்பது அதில் பெரிதாக நுழையாது. 641001 என்று குக்கீயில் வைத்தால் மும்பை ஐபியிலிருந்தும் கோவை விலைதான் வரும்.

---

போர்ட்3128:

கேபிள்கட்டு சொன்ன டேட்டா கணக்கு சரி. டேட்டா சென்டர் ஐபி போதும் என்பதில் உடன்பாடு இல்லை. சில தளங்கள் ஹோஸ்டிங் ஏஎஸ்என்னிலிருந்து (ஏஎஸ்என் என்பது ஐபி எந்த நிறுவனத்தின் நெட்வொர்க் என்று காட்டும் எண், ஹோஸ்டிங் என்றால் சர்வர் வாடகைக்கு விடும் நிறுவனம்) வருவதை முதல் ரிக்வெஸ்ட்டிலேயே தள்ளிவிடும், ஆறு நிமிடத்துக்கு ஒன்று போனாலும் சரி, ஆறு நாளுக்கு ஒன்று போனாலும் சரி. அங்கே ஐஎஸ்பி பிராக்ஸி என்று விற்பார்களே, அது பார்க்கலாம்: இயந்திரம் டேட்டா சென்டரில், ஐபி மட்டும் பிராட்பேண்ட் நிறுவனத்தின் ஏஎஸ்என்னில். வாங்கிய அன்றே ஐபியை ஹூஇஸ்ஸில் (ஐபி யாருடையது என்று சொல்லும் சேவை) போட்டு ஏஎஸ்என் பெயரைப் பாருங்க. ஹோஸ்டிங் கம்பெனி பெயர் வந்தால் அது ஐஎஸ்பி பிராக்ஸி கிடையாது, பணத்தைத் திருப்பிக் கேளுங்க.

இப்போ உங்க 403. அது யாரிடமிருந்து வருகிறது என்று பார்த்தீங்களா? முக்கால்வாசிப் பேர் பார்ப்பதில்லை. எச்டிடிபிஎஸ் தளத்துக்குப் போகும்போது முதலில் பிராக்ஸியிடம் கனெக்ட் என்று ஒரு ரிக்வெஸ்ட் போகும், அது 200 சொன்ன பிறகுதான் தளத்தோடு பேச்சு. கர்ல் என்ற கட்டளைக் கருவியை வெர்போஸில் (ஒவ்வொரு படியையும் காட்டும் முறை) ஓட்டினால் இரண்டும் தனித்தனியாகத் தெரியும்.

கனெக்ட்டுக்கே 403 வந்தால் அது பிராக்ஸி நிறுவனம் போட்ட தடை. வங்கி, அரசுத் தளம், டிக்கெட் தளம் போன்றவற்றைப் பல நிறுவனங்கள் முன்கூட்டியே மூடி வைத்திருக்கும், எத்தனை ஐபி மாற்றினாலும் திறக்காது. கனெக்ட் 200 ஆகி அதற்குப் பிறகு 403 வந்தால் அது தளம் போட்டது. 407 என்றால் யூசர்நேம், பாஸ்வேர்ட் அல்லது வொயிட்லிஸ்ட்டில் (அனுமதித்த ஐபிகளின் பட்டியல்) சிக்கல். 502, 504 என்றால் மறுமுனையில் ஐபி தரும் வீட்டின் ரவுட்டரோ போனோ அணைந்திருக்கு, ரெசிடென்ஷியலில் கொஞ்சம் வரத்தான் செய்யும். நூறு ரிக்வெஸ்ட்டில் இரண்டு மூன்று இருந்தால் விடுங்க. பத்தைத் தாண்டினால் டிக்கெட் போடுங்க.

407-க்கு இரண்டு வழக்கமான காரணம். ஒன்று, பாஸ்வேர்டில் @ அல்லது # இருக்கும், அதை யுஆர்எல்லில் அப்படியே ஒட்டியிருப்பாங்க. @ இருந்தால் %40, # இருந்தால் %23 என்று மாற்றணும். இரண்டு, வொயிட்லிஸ்ட்டில் வீட்டு ஐபி போட்டிருப்பாங்க, ரவுட்டர் ரீஸ்டார்ட் ஆகி ஐபி மாறியிருக்கும். நம்ம ஊர் மொபைல் டேட்டாவிலும் பல ஃபைபர் இணைப்பிலும் சிஜிநாட் வேறு. அங்கே நீங்க வொயிட்லிஸ்ட் செய்யும் ஐபி உங்களுடையது மட்டும் இல்லை, கூடவே பல வீட்டுக்காரங்களுக்கும் அதே ஐபிதான். உங்க பிராக்ஸி ஹோஸ்ட்டும் போர்ட்டும் தெரிந்த எவனும் அந்த ஐபியிலிருந்து உங்க ஜிபியைக் கரைக்கலாம். யூசர்நேம், பாஸ்வேர்டே நல்லது.

ஐபி மாறவில்லை என்ற புகார்: அது விற்றவர் ஏமாற்று இல்லை, கீப்-அலைவ் (ஒருமுறை திறந்த இணைப்பை மூடாமல் திரும்பப் பயன்படுத்துவது). ரொட்டேட்டிங் கேட்வே (ஐபியை மாற்றி மாற்றித் தரும் பிராக்ஸி நிறுவனத்தின் நுழைவு சர்வர்) ரிக்வெஸ்ட்டுக்கு ஒரு ஐபி தருவதில்லை, கனெக்‌ஷனுக்கு ஒரு ஐபிதான் தருது. குரோம் ஒரு தளத்துக்கு எச்டிடிபி-2-ல் ஒரே கனெக்‌ஷனைத் திறந்து அதிலேயே எல்லாத்தையும் தள்ளும். அந்தக் குழாய் மூடும்வரை ஐபி மாறாது. ரிக்வெஸ்ட்ஸில் செஷன் வைத்தாலும் இதே கதை. விற்பனைப் பக்கத்தில் "ரிக்வெஸ்ட்" என்று எழுதியது தப்புதான், ஆனா எல்லாரும் அப்படித்தான் எழுதறாங்க.

இதில் இன்னொரு கோளாறு இருக்கு. பிரவுசரை ரொட்டேட்டிங்கில் ஓட்டினால் பக்கம் ஒரு ஐபியிலிருந்தும், அது கூப்பிடும் ஏபிஐ வேறு சப்டொமைன் என்பதால் வேறு ஐபியிலிருந்தும் போகும். பின்கோடு போட்ட குக்கீ ஒரே நிமிடத்தில் இரண்டு ஊரில் தெரிந்தால் தளம் என்ன நினைக்கும்? உங்க 403-ல் ஒரு பங்கு இதுவாகத்தான் இருக்கும். பின்கோடு வைத்து வேலை செய்யறீங்க என்றால் ஸ்டிக்கி செஷன்தான் (கொஞ்ச நேரம் ஒரே ஐபியைப் பிடித்து வைப்பது). யூசர்நேமில் செஷன் எண் சேர்ப்பாங்க, 10 நிமிடம் என்று வைங்க, 10 நிமிடத்துக்கான பொருள்களை அதில் முடிங்க, பிறகு புது எண்.

கடைசியா ஒன்று. 30 டேப் வைக்காம, உங்க வீட்டு பிராட்பேண்டிலிருந்து பிராக்ஸியே இல்லாம அதே ஸ்கிரிப்ட்டை 20 பக்கத்துக்கு மெதுவா ஓட்டுங்க. அதிலும் 403 வந்தா ஐபி மேல குறையில்லை. டிஎல்எஸ் கைகுலுக்கல் (பாதுகாப்பான இணைப்பைத் தொடங்கும் விதம்), ஹெடர் வரிசை இதெல்லாம் பார்த்தே ஸ்கிரிப்ட் என்று தெரிந்துகொள்றாங்க. பிராக்ஸி அதை மாற்றாது. வர்றதை அப்படியே கடத்தும், அவ்வளவுதான் அதன் வேலை. அப்போ மொபைல் பிராக்ஸி வாங்கினாலும் காசு தண்டம்.

---

விலைத்தராசு:

இருவருக்கும் நன்றி. செய்து பார்த்த வரை:

மூன்றில் இரண்டு தளத்தில் ஜேசன்-எல்டியில் விலையும் ஸ்டாக்கும் இருக்கிறது. டெலிவரி நாள் மட்டும் தனி ஏபிஐ. மூன்றாம் தளத்துக்குப் பிரவுசர் வேண்டும். வீட்டு பிராட்பேண்டில் மூன்று தளமும் 20-க்கு 20 வந்தது. கனெக்ட் எல்லாம் 200, எனவே 403 தளத்திடமிருந்துதான்.

ஒரு சந்தேகம். லாகில் "வெற்றி" என்று 94% காட்டுகிறது, ஆனால் விலை கிடைத்தது 71 சதவீதத்தில்தான். எது சரி? அந்த 30 லட்சம் ஐபியைச் சோதிக்க வழி இருக்கிறதா?

---

கேபிள்கட்டு:

71 தான் சரி. 200 வந்ததை வெற்றி என்று எண்ணுகிறீர்கள். கேப்ச்சா பக்கமும், "சற்று நேரம் கழித்து வாருங்கள்" பக்கமும் 200-ஆகவே வரும். வந்த பக்கத்தின் அளவைப் பாருங்கள்: விரித்த பிறகு 800, 900 கேபி இருக்கவேண்டிய பக்கம் 5 கேபிக்குள் இருந்தால் அது கேப்ச்சா. விலை என்ற புலம் நிரம்பினால் மட்டும் வெற்றி என்று எழுதுங்கள். அந்த எண்ணை வைத்துத்தான் இரண்டு நிறுவனத்தை ஒப்பிட முடியும். தோற்ற பக்கமும் அதே அளவு டேட்டா தின்றால், ஜிபி 3 டாலருக்குக் கொடுத்து நூற்றுக்கு 50 பக்கம் தருபவரைவிட, 5 டாலருக்குக் கொடுத்து 95 தருபவர் மலிவு. ஆயிரம் விலைக்கு எத்தனை டாலர் ஆனது என்று ஒரு பத்தி போட்டுவிட்டால் விற்பனைப் பக்கம் எதையும் படிக்கவேண்டியதில்லை.

---

தோராயம்:

ஐபி எண்ணிக்கையைச் சோதிக்கலாம், பத்து எம்பிகூடச் செலவாகாது. அழைத்தவரின் ஐபியை அப்படியே திருப்பிச் சொல்லும் பக்கம் ஏதாவது ஒன்றை எடுத்துக்கொள்ளுங்கள். இந்தியா என்று மட்டும் வடிகட்டி, ஒவ்வொரு முறையும் புதுக் கனெக்‌ஷனில், 1,000 தடவை கேளுங்கள். வந்த ஐபிகளை ஒரு கோப்பில் போட்டு, தனித்துவமானவை எத்தனை என்று எண்ணுங்கள்.

மொத்தக் குவியல் எவ்வளவு என்பதற்கு எளிய சூத்திரம் உண்டு: கேட்ட எண்ணிக்கையின் வர்க்கத்தை, திரும்ப வந்தவற்றின் இரு மடங்கால் வகுக்க வேண்டும். 1,000 கேட்டு 939 தனித்தனி, 61 திரும்ப வந்தவை என்று வையுங்கள். பத்து லட்சத்தை 122-ஆல் வகுத்தால் சுமார் 8,200. அதாவது அந்த நேரத்தில் உங்களுக்குத் திறந்துவிட்ட குவியல் ஏறக்குறைய எட்டாயிரம். உண்மையிலேயே 30 லட்சம் இருந்தால் 1,000 கேட்டால் ஒன்றுகூடத் திரும்ப வரக்கூடாது. கணக்குப்படி எதிர்பார்ப்பது 0.17, அதாவது ஆறு தடவை இதே சோதனையைச் செய்தால் ஒரே ஒரு ஐபி இரட்டிக்கும்.

அதற்காக உடனே மோசடி என்று எழுதிவிட வேண்டாம். 30 லட்சம் என்பது மாதம் முழுவதும் எப்போதாவது ஒருமுறை தலைகாட்டிய ஐபிகளின் கூட்டுத்தொகையாக இருக்கலாம். வீட்டு இணைப்பில் ஐபி மாறிக்கொண்டே இருப்பதால் ஒரே போன் ஒரு மாதத்தில் இருபது ஐபியாக எண்ணப்படும். பகலில் ஒன்று, விடியற்காலை 3 மணிக்கு ஒன்று என்று இரண்டு தடவை ஓட்டினால் வித்தியாசம் தெரியும். மேலும் கேட்வே எல்லா ஐபியையும் சமமாகக் குலுக்கிப் போடுவதில்லை. வேகமானவற்றையே அதிகம் தரும். அதனால் சூத்திரம் தருவது உண்மைக் குவியலைவிடக் குறைவாகவே இருக்கும். ஆனால் உங்களுக்குப் பயன்படுவது அந்தக் குறைந்த எண்தான்.

அதே கோப்பை வைத்து இன்னும் இரண்டு எண்ணிக்கை எடுங்கள். எத்தனை தனி /24, எத்தனை தனி ஏஎஸ்என். ரெசிடென்ஷியல் என்று விற்றதில் நூற்றுக்குப் பத்து ஹோஸ்டிங் ஏஎஸ்என் இருந்தால் கலப்படம்.

நாடு சரியா என்று பார்க்கும்போது மட்டும் ஒரே தரவுத்தளத்தை நம்பாதீர்கள். மேக்ஸ்மைண்ட் ஒன்று சொல்லும், ஐபி2லொக்கேஷன் வேறொன்று சொல்லும். முகவரி வைத்திருப்பவரே "இது இந்தியா" என்று ஜியோஃபீட் கோப்பில் எழுதிக்கொள்ளலாம், ஆர்எஃப்சி 8805 என்று 2020-லேயே அதற்கு வடிவம் வகுத்துவிட்டார்கள். வாடகைக்கு எடுத்த /24, இயந்திரம் நெதர்லாந்தில் இருக்க, காகிதத்தில் சென்னைக்கு வந்துவிடும். பிங் நேரம் பொய் சொல்லாது, ஆனால் ரெசிடென்ஷியலில் கேட்வே நடுவில் நிற்பதால் அதைப் பிரித்து அளப்பது கடினம். சென்னையிலிருந்து ஜெர்மனி கேட்வே, அங்கிருந்து திரும்பக் கோவை வீட்டு ரவுட்டர், அங்கிருந்து மும்பை சர்வர். இப்படிப் போனால் ஒரு பக்கம் 2 வினாடி எடுப்பதில் ஆச்சரியம் இல்லை. சிங்கப்பூரிலோ இந்தியாவிலோ கேட்வே இருக்கிறதா என்று சப்போர்ட்டில் கேளுங்கள். பல நிறுவனங்களில் ஹோஸ்ட் பெயரை மாற்றினாலே போதும்.

---

தாழ்ப்பாள்:

எல்லாரும் எத்தனை ஐபி என்று எண்ணுகிறீர்கள். அந்த ஐபி யாருடையது என்று ஒருவராவது கேட்க வேண்டாமா?

ரெசிடென்ஷியல் பிராக்ஸி என்றால் எங்கோ ஒரு வீட்டில் இருக்கும் போன், கணினி, டிவி பெட்டி. அந்த வீட்டுக்காரருக்குத் தெரிந்து, காசு வாங்கிக்கொண்டு கொடுத்திருந்தால் சரி. தெரியாமல் இருந்தால் நீங்கள் காசு கொடுத்து வாங்குவது திருட்டுச் சரக்கு. 911 எஸ்5 என்ற சேவையை நினைவிருக்கிறதா? இலவச விபிஎன் என்று சொல்லி மாஸ்க்விபிஎன், டியூவிபிஎன் போன்றவற்றை மக்கள் கணினியில் இறக்கி, அந்த ஐபிகளை வாடகைக்கு விட்டார்கள். 2022 ஜூலையில் கடையை மூடினார்கள். 2024 மே மாதம் அமெரிக்க நீதித்துறை அதை நடத்தியவரைக் கைது செய்ததாக அறிவித்தபோது சொன்ன கணக்கு 1.9 கோடிக்கு மேற்பட்ட ஐபி முகவரி. கடை மூடிய அன்று இருப்பில் காசு வைத்திருந்தவர்களுக்கு அது போனது போனதுதான். 2025 ஜூனில் எஃப்பிஐ விட்ட எச்சரிக்கை பேட்பாக்ஸ் 2.0 பற்றியது: விலை மலிவான ஆண்ட்ராய்டு டிவி பெட்டிகளில் முன்கூட்டியே ஏற்றப்பட்ட மால்வேர், அந்த வீடுகளின் இணைப்பை ரெசிடென்ஷியல் பிராக்ஸியாக விற்கிறது.

சட்டப்படி நடத்துகிறவர்களிடமும் பழைய கணக்கு உண்டு. ஹோலா என்ற இலவச விபிஎன்னின் பயனர்கள்தான் லுமினாட்டியின் ஐபிகள் என்று 2015-ல் வெளியே வந்து பெரிய சண்டையானது. அதே லுமினாட்டிதான் 2021 முதல் பிரைட் டேட்டா. இப்போது வாடிக்கையாளரிடம் அடையாளம் கேட்கிறார்கள், என்ன வேலைக்கு என்று கேட்கிறார்கள். அப்படிக் கேட்பதைத் தொல்லை என்று பலர் திட்டுகிறார்கள். எனக்கு அது நல்ல அறிகுறி. இமெயிலும் கிரிப்டோவும் இருந்தால் போதும், எதுவும் கேட்க மாட்டோம் என்பவரிடம் உங்களோடு அதே ஐபியைப் பகிர்ந்துகொள்பவர் யார் என்று யோசியுங்கள். காலையில் ஒருவன் திருட்டுக் கார்டு சோதித்த ஐபி மதியம் உங்களுக்கு வரும். 403-க்கு அதுவும் ஒரு காரணம்.

வாங்குமுன் எழுத்தில் கேட்கவேண்டியது ஒன்றே: "உங்கள் ஐபிகள் எந்த ஆப் வழியாக வருகின்றன, அந்த ஆப்பில் சம்மதம் கேட்கும் திரை எது?" ஆப்பின் பெயரைச் சொன்னால் இறக்கிப் பாருங்கள். "பார்ட்னர்கள் மூலம்" என்று மட்டும் பதில் வந்தால் நகர்ந்துவிடுங்கள்.

இன்னொன்று: எச்டிடிபிஎஸ்ஸில் போகும்வரை பிராக்ஸிக்காரருக்கு நீங்கள் போகும் தளத்தின் பெயரும் டேட்டா அளவும்தான் தெரியும், உள்ளடக்கம் தெரியாது. "எங்கள் ரூட் சர்டிஃபிகேட்டை நிறுவுங்கள்" அல்லது "எஸ்எஸ்எல் சரிபார்ப்பை அணையுங்கள்" என்று சொல்லும் அன்பிளாக்கர் வகைச் சேவைகளில் எல்லாமே தெரியும். லாகின் இல்லாத விலைப் பக்கத்துக்குப் பரவாயில்லை. அதே பிரவுசரில் கடையின் செல்லர் கணக்கைத் திறந்துவிடாதீர்கள்.

லாகின் இல்லாமல் எடுப்பது என்ற கோட்டையும் தாண்டாதீர்கள். 2024 ஜனவரியில் மெட்டா தொடுத்த வழக்கில் கலிஃபோர்னியா நீதிமன்றம் பிரைட் டேட்டா பக்கம் நின்றதற்குக் காரணமே, லாகின் செய்யாமல் எடுத்த பொதுத் தகவலுக்கு மெட்டாவின் நிபந்தனைகள் பொருந்தவில்லை என்பதுதான். அது அமெரிக்கத் தீர்ப்பு, இங்கே கேடயமாகப் பிடிக்க முடியாது. ஆனாலும் கோடு எங்கே என்பதற்கு நல்ல அடையாளம். ரிவ்யூ எழுதியவர்களின் பெயரையும் சேர்த்து அள்ளாதீர்கள், விலைக்கு அது தேவையில்லை.

---

ரசீது:

பணம் பற்றி யாரும் சொல்லவில்லை, நான் சொல்கிறேன்.

ஆட்டோ ரினியூவலை நம்பாதீங்க. 2021 அக்டோபர் 1 முதல் ரிசர்வ் வங்கியின் இ-மேண்டேட் விதி. கார்டில் தானாகப் பிடிக்க முதலில் ஓடிபியோடு பதிவு செய்திருக்கணும், பிடிப்பதற்கு 24 மணி நேரம் முன்னாடி அறிவிப்பு வரணும். பல வெளிநாட்டு நிறுவனங்களின் பேமென்ட் வழி இதற்கு ஒத்துப்போவதில்லை, பரிவர்த்தனை அமைதியாகத் தோற்கும். ரெசிடென்ஷியலில் அதனால் பெரிய நஷ்டமில்லை, மறுபடி காசு போட்டால் ஓடும். டேட்டா சென்டர், ஐஎஸ்பி ஐபி என்றால் கதை வேறு: தேதி தாண்டியதும் உங்க 20 ஐபியும் வேறொருத்தருக்குப் போயிடும், திரும்பக் கேட்டாலும் அதே ஐபி வராது. வாலட்டில் முன்கூட்டியே பணம் போட்டு வைக்கும் வசதி இருந்தால் அதுதான் நிம்மதி.

கார்டில் வெளிநாட்டுப் பயன்பாடு அணைந்தே வரும், வங்கி ஆப்பில் நீங்கதான் திறக்கணும். விலைப் பட்டியலில் 100 டாலர் என்றால் அதோடு வங்கியின் ஃபாரெக்ஸ் மார்க்கப் பெரும்பாலான கார்டில் 2 முதல் 3.5%, 18% ஜிஎஸ்டி தனி. ஜிஎஸ்டி எண் இருந்தா பில்லில் அதைப் போடச் சொல்லுங்க. ரிவர்ஸ் சார்ஜில் நீங்களே கட்டி, தகுதி இருந்தா இன்புட் கிரெடிட் எடுத்துக்கலாம்.

ரீஃபண்ட் பக்கத்தை வாங்குமுன்னாடி படிங்க. வழக்கமான வாசகம்: இத்தனை நாளுக்குள், இத்தனை எம்பிக்குக் குறைவாகப் பயன்படுத்தியிருந்தால் மட்டும். நீங்க 25 ஜிபியும் தீர்த்தாச்சு, எனவே அந்தப் பணத்தை மறந்துடுங்க. அடுத்த தடவை சின்ன டிரையல் வாங்கி தோராயம் சொன்ன சோதனையை முதல் ஒரு மணி நேரத்திலேயே ஓட்டுங்க, அப்போதான் ரீஃபண்ட் எல்லைக்குள்ளே இருப்பீங்க. கிரிப்டோவில் கட்டினா வங்கியில் டிஸ்ப்யூட் போடவும் வழியில்லை.

சப்போர்ட்டுக்கு "வேலை செய்யலை" என்று எழுதினா "பெரிய பிளான் வாங்குங்க" என்றுதான் பதில் வரும். நேரம் யுடிசியில், செஷன் எண், வெளியே வந்த ஐபி, போன டொமைன், கனெக்ட்டுக்கு வந்த எண், அதற்குப் பிறகு வந்த எண். இந்த ஆறையும் 20 வரிக்கு எடுத்து ஒரு சிஎஸ்வியாக வைங்க. டிக்கெட் பொறியாளர் மேசைக்குப் போகும்.

---

விலைத்தராசு:

1,000 தடவை ஓட்டியாயிற்று. பகலில் 61 இரட்டிப்பு இல்லை, 212. விடியற்காலை 3 மணிக்கு 340. ஹோஸ்டிங் ஏஎஸ்என்னில் இருந்த ஐபி 38.

---

தோராயம்:

இவ்வளவு இரட்டிப்பு வந்தால் அந்த எளிய சூத்திரம் கொஞ்சம் கூட்டிக் காட்டும், சரியாகப் போட்டால் பகலில் இரண்டாயிரத்துச் சொச்சம், இரவில் ஆயிரத்துச் சொச்சம். 30 டேப், 3 தளம், இரவுச் சுற்று என்றால் ஒரே ஐபி ஒரு தளத்தை ஒரே சுற்றில் திரும்பத் திரும்பத் தட்டியிருக்கும். 3 மணிச் சுற்றைக் காலை 7-க்குத் தள்ளுங்கள். கடைகள் விடியற்காலையில் விலை மாற்றினாலும் 7 மணிக்குத் தெரிந்துவிடும். மாறுவதானால் இந்த மூன்று எண்களையும் வைத்துக்கொண்டு அடுத்தவரின் டிரையலில் அதே 1,000-ஐ ஓட்டுங்கள்.

---

போர்ட்3128:

முதல் இரண்டு தளத்துக்கு டேட்டா சென்டர் ஐபி ஐந்து மட்டும் வாங்கி ஒரு வாரம் பாருங்க, 20 வேண்டாம். கேபிள்கட்டு சொன்னது அங்கே பலிக்கலாம், ஒத்துக்கறேன். மூன்றாம் தளத்துக்கு மட்டும் ரெசிடென்ஷியல், ஸ்டிக்கி 10 நிமிடம், டேப் 3. டேஷ்போர்டில் டொமைன் வாரியா டேட்டா எவ்வளவு போச்சு என்று ஒரு பக்கம் இருக்கும், முதல் நாள் மாலையே திறந்து பாருங்க. கடையின் டொமைனுக்கு மேலே ஏதாவது விளம்பர டொமைன் உட்கார்ந்திருந்தா அதையும் மூடுங்க.